சாவடிக்குத் தெற்கே

இதாலியா ஆஸ்டினுக்குப் படிக்கப் போன அன்று அவளுடைய சாமான்களைச் சித்தப்பாவின் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டியது அவள் அப்பா எவரார்தோ. கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். அதையும் அவிழ்க்கப் போனபோது சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, நீங்க கூரை போடுற ஆளா, கயிறு விக்கிற ஆளா? விடுங்க, வெயில் ஏறுது."

அப்பா கையை எடுத்துக்கொண்டார். அம்மா ஒராலியா, துணியில் சுற்றிய சூடான டார்ட்டியா ரொட்டிகளைச் சின்ன மகளின் மடியில் வைத்தாள். பெரியவள் நெரெய்தா வயலின் பெட்டியைச் சன்னல் வழியாக நீட்டினாள். சித்தப்பாவுக்குக் குடியுரிமைக் காகிதம் உண்டு, அதனால் அவர்தான் கொண்டுபோய் விட்டார். வண்டி மண்சாலை திரும்பும்வரை மற்ற மூவரும் வாசலில் நின்றார்கள். புழுதி அடங்கிய பிறகும் உள்ளே போக யாருக்கும் கால் வரவில்லை.

மற்ற பிள்ளைகளின் பெற்றோர் விடுதிவரை போவார்கள். மெத்தை விரித்து, அலமாரி துடைத்து, அழுதுவிட்டு வருவார்கள். இவர்கள் அந்த அறையைப் போனில் பார்த்தார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, கூட இருக்கிற பெண் நல்லவளா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கூரை எப்படி இருக்கிறது என்று மட்டும் அப்பா கேட்டார். இதாலியா சிரித்துக்கொண்டு போனை மேலே திருப்பிக் காட்டினாள்.

எங்கள் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் இது புதிதில்லை. தெற்கே நாட்டின் எல்லையாக ஆறு. அதைத் தாண்டிப் போனால் திரும்ப வர முடியாது. வடக்கே, ஃபால்ஃபூரியாஸுக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடி. வடக்கே போகிற ஒவ்வொரு வண்டியும் அங்கே நின்று, நீ இந்த நாட்டுக்காரனா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். காகிதம் இல்லாதவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உலகம். சின்ன உலகம் என்று சொல்லிவிட முடியாது. கடல் இருக்கிறது, தோப்புகள் இருக்கின்றன, பல்கலைக்கழகம்கூட இருக்கிறது. ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம். ஓட்டியவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

நெரெய்தாவை அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தபோது அவளுக்கு நடக்கத் தெரியாது. மறு வருடம் இதாலியா வெஸ்லகோ மருத்துவமனையில் பிறந்தாள். ஒரே கட்டில், ஒரே பள்ளிக்கூடம், ஒரே காய்ச்சல். ஒருத்தி இந்த நாட்டுக்காரி, ஒருத்தி இல்லை என்பது வெகுநாள் வீட்டில் பேசாத பேச்சாகவே இருந்தது. சிறுவயதில் வந்தவர்களுக்குத் தற்காலிகக் காகிதம் கொடுக்க அரசு ஒரு திட்டம் வைத்திருந்தது. அதற்கு வேண்டிய பதினைந்து வயது நெரெய்தாவுக்கு நிறைந்த அதே இலையுதிர்காலத்தில் புதிய மனுக்களை நிறுத்திவிட்டார்கள். அவள் அழவில்லை. பக்கத்து ஊரான எடின்பர்க்கில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் சேர்ந்தாள். வீட்டிலிருந்தே போய்வந்தாள். நல்ல மதிப்பெண் வாங்கினாள்.

தங்கை போன பிறகும் அவள் கட்டிலின் சுவரோரத்தில்தான் படுத்தாள். நடுவில் படுத்தால் தூக்கம் வரவில்லை. சில வாரங்களில் சுவரோரத்திலும் வரவில்லை.

செப்டம்பர் கடைசியில், கரிம வேதியியல் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, காரணமே இல்லாமல் அவள் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. ஆசிரியரின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலிருந்தது. செத்துப்போகப் போகிறோம் என்று உறுதியாகத் தோன்றியது. வெளியே வந்து பனைமரத்தடியில் உட்கார்ந்து, அம்மாவைக் கூப்பிடலாமா என்று யோசித்து, கூப்பிடவில்லை. அம்மா பழம் தரம்பிரிக்கும் கொட்டகையில் நின்றுகொண்டிருப்பாள். பயந்துவிடுவாள்.

இரண்டாம் முறை வந்தபோது பல்கலைக்கழக மருத்துவரிடம் போனாள். இதயம் நன்றாக இருக்கிறது, மனநல ஆலோசகரைப் பார் என்று அனுப்பினார்கள்.

ஆலோசகர் பெயர் ஹால்வர்சன். நாட்டின் வடகோடியில் இருக்கும் மின்னசோட்டாவிலிருந்து ஆகஸ்டில்தான் வந்திருந்தாள். முப்பது வயது இருக்கலாம். வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. நெரெய்தா சொன்னதை எல்லாம் கவனமாகக் கேட்டாள். தங்கையைப் பற்றித்தான் நெரெய்தா அதிகம் பேசினாள், காகிதத்தைப் பற்றிப் பேசவில்லை. அதை வெளியாரிடம் சொல்லக்கூடாது என்பது அவளுக்குப் பேச்சு வரும்போதே சேர்ந்து வந்தது.

"தங்கச்சி இல்லாம ரொம்பக் கஷ்டப்படுறீங்க, தெரியுது" என்றாள் ஹால்வர்சன். "ஒண்ணு பண்ணலாமே. ஒரு சனி ஞாயிறு கிளம்பி ஆஸ்டின் போய் அவளோட இருந்துட்டு வாங்க. அஞ்சு மணி நேரம் பஸ்ல. இடம் மாறினாலே மனசு லேசாகும்."

நெரெய்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆலோசகரும் எதற்கென்று தெரியாமல் லேசாகச் சிரித்தாள்.

"நல்ல யோசனை மிஸ். செஞ்சு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

நவம்பரில் இதாலியாவின் மரியாச்சி இசைக்குழுவுக்கு ஆஸ்டினில் கச்சேரி. அவளுக்குத் தனியாகப் பாட ஒரு பாட்டுக் கொடுத்திருந்தார்கள். முதல் வருடத்துப் பெண்ணுக்கு அது பெரிய விஷயம். அம்மா கொட்டகையில் இருந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். நெரெய்தா யாரிடமும் சொல்லவில்லை. வகுப்புத்தோழன் ரொஹேலியோ அந்த வாரம் அண்ணனைப் பார்க்க ஆஸ்டின் போகிறான் என்பது மட்டும் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவனிடம் கேட்டுவிட்டாள்.

"அதுக்கென்ன, வா" என்றான் ரொஹேலியோ. அவன் இங்கேயே பிறந்தவன். "நான் எத்தனை தடவை போயிருக்கேன். ஜன்னலை இறக்குவான், மூஞ்சியைப் பாப்பான், போன்னுருவான். நீ என்னைவிட நல்லா இங்கிலீஷ் பேசுற. 'ஆமா சார், இந்த நாட்டுக்காரிதான்'னு ஒரு வரி. அவ்ளோதான்."

"அது பொய் சொன்னதாகும். மாட்டிக்கிட்டா அதுக்கப்புறம் எந்தக் காலத்துலயும் காகிதம் கிடைக்காது."

"அப்ப வராதே."

"வர்றேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை, நூலகத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தங்கைக்கும் சொல்லவில்லை. கூட்டத்தில் முன் வரிசையில் போய் உட்கார்ந்து, பாடும்போது அவள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. எடின்பர்க் தாண்டி வீடுகள் முடிந்து, கருவேலும் காய்ந்த புல்லும் பண்ணை வேலிகளுமாக நிலம் விரிந்தது. அவள் பிறந்ததிலிருந்து இவ்வளவு வடக்கே வந்ததில்லை. ரொஹேலியோ ஏதோ பாட்டை வைத்துவிட்டு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அந்த ஒரு வரியைச் சொல்லிப் பார்த்தாள். முதலில் சாதாரணமாக வந்தது. சொல்லச் சொல்ல, அர்த்தம் இல்லாத சத்தமாக ஆனது.

சாவடிக்கு முன்னால் ஒரு பெட்ரோல் நிலையம் வரும். அது கண்ணில் பட்டதும், "நிறுத்து, பாத்ரூம் போகணும்" என்றாள். உள்ளே போனவள் கதவைத் தாழிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு கழுத்துவரை வந்து அடித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைக்காரப் பெண் கதவைத் தட்டினாள். ரொஹேலியோ வெளியே நின்று கூப்பிட்டான்.

"நெரெய்தா, வெளிய வா. திரும்பிப் போயிரலாம். நான் கொண்டுபோய் விடுறேன்."

அவள் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். "நீ போ. உங்க அண்ணன் காத்துட்டிருப்பான்."

"இந்த வெட்டவெளியில உன்னை விட்டுட்டா?"

"அப்பாவைக் கூப்பிடுறேன். போ ரொஹேலியோ. உன் வண்டில உக்காந்து திரும்பி வர என்னால முடியாது. உன்கிட்ட அழ எனக்குப் பிடிக்கல."

அவள் போன் பேசி முடிக்கும்வரை நின்று, குடிக்கத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவன் போனான். அவனுடைய வண்டி வடக்கே சின்னதாகி மறைவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சாலையில் போவது எவ்வளவு சுலபமாக இருந்தது அவனுக்கு.

அப்பா வந்து சேர மத்தியானம் ஆனது. வேலை நடந்த வீட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். சட்டையெல்லாம் தார் வாசனை. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். ஓட்டுநர் உரிமம் இல்லாமல், எல்லைக்காவல் ரோந்து வண்டிகள் சுற்றுகிற இந்தச் சாலையில் அவர் இவ்வளவு தூரம் வந்திருந்தார். அவர் கடைக்குள் போய் இரண்டு சோளப்பொரிப் பொட்டலமும் எலுமிச்சைச் சர்பத்தும் வாங்கிவந்து, வண்டிக்குள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார்.

"அந்தக் கடைக்காரப் பொண்ணு நல்ல பொண்ணு" என்றார். "பேசிக்கிட்டே இருப்பா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கொஞ்சம் மென்றார். "வருவேன்."

"எங்க?"

"இங்கதான். வேலை இல்லாத நாள்ல. உன் தங்கச்சி போனதுலேருந்து. ஒரு காபி வாங்கிக் குடிச்சுட்டு, அந்தப் பக்கம் பாத்து நின்னுட்டுத் திரும்பிருவேன்." வடக்கே தாடையால் காட்டினார். "வீட்டுலேருந்து பாத்தா ரொம்ப தூரமா இருக்கு. இங்க வந்தா கொஞ்சம் கிட்ட."

நெரெய்தா அவரைப் பார்த்தாள். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லிராத. பெட்ரோல் விலை தெரிஞ்சா என்னை வீட்டை விட்டே துரத்திருவா."

நெரெய்தா சிரிக்கத் தொடங்கினாள், அது அழுகையில் முடிந்தது. தங்கையை நினைத்து வீட்டில் மூவரும் தனித்தனியே ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் காட்டாமல். அப்பா அவள் தலையில் கை வைக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. அழுது முடியும்வரை வண்டியைக் கிளப்பாமல் இருந்தார்.

"தூக்கம் வர்றதில்லப்பா" என்றாள் கடைசியில். "நெஞ்சு அடிக்குது. வகுப்புல உக்கார முடியல. எனக்குப் பைத்தியம் பிடிக்குதோன்னு பயமா இருக்கு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒரு ஆலோசகர்கிட்ட அனுப்பினாங்க. அந்த மிஸ் என்னை ஆஸ்டினுக்கு பஸ்ல போகச் சொல்லிச்சு."

அப்பா திரும்பிப் பார்த்தார். "நீ காகிதம் இல்லைன்னு சொன்னியா?"

"இல்ல."

"அப்ப அந்தப் பொண்ணு என்ன செய்யும் பாவம்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தெற்கே திருப்பினார்.

அன்று சாயங்காலம் கச்சேரியை மூவரும் போனில் பார்த்தார்கள். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. இதாலியா பாட்டின் பாதியில் இருந்தபோது அம்மா திரையில் விரலை வைத்தாள், படம் ஓடாமல் போய்விட்டது. "எடும்மா கையை" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். படம் திரும்பி வந்தபோது இதாலியா பாட்டின் கடைசி அடியைப் பாடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் நெரெய்தா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம். தேர்வு ஒன்று போயிற்று. ஆலோசனை மையத்திலிருந்து போன் வந்தபடி இருந்தது. ஒருநாள் எடுத்தாள்.

"நெரெய்தா, ஹால்வர்சன் பேசுறேன். ரெண்டு நிமிஷம் குடுங்க" என்றது குரல். "நான் உங்ககிட்ட ஒரு யோசனை சொன்னேன். அன்னைக்கு நீங்க ஏன் சிரிச்சீங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். போன வாரம் நானே வண்டில சான் அன்டோனியோ போனேன். வழில நிறுத்தினாங்க. என்னை ஒண்ணும் கேக்கல, போகச் சொல்லிட்டாங்க. பின்னாடி வந்த வண்டில இருந்த குடும்பத்தைக் கீழே இறக்கினாங்க. அப்பதான் எனக்கு உறைச்சது. உங்களைப் பத்தி நான் எதையும் கேக்கப் போறதில்ல. மன்னிச்சிருங்கன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

நெரெய்தா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"புதன்கிழமை சாயங்காலம் ஒரு குழு கூடுது. நான் ஆரம்பிச்சது இல்ல, மாணவர்கள் அவங்களா நடத்துறது. அவங்க கேட்டா மட்டும்தான் நான் வருவேன். கதவுல பேர் எதுவும் எழுதியிருக்காது."

புதன்கிழமை அப்பா அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். பழைய கட்டடத்தில் ஒரு வகுப்பறை. ஏழெட்டுப் பேர் இனிப்பு ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். எலியூத் என்ற ஒல்லியான பொறியியல் மாணவன் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஒருத்தன் கேட்டான், லீவுக்கு எங்கடா போனன்னு. உலகச் சுற்றுப்பயணம்னேன். ரோமா போனேன், ப்ரோக்ரெஸோ போனேன், பிரவுன்ஸ்வில் போனேன். ரோமா எப்படி இருந்துச்சுங்கிறான். இத்தாலின்னு நெனச்சுக்கிட்டான். நம்ம ஊரு ரோமாடா, ஆத்தோரம் இருக்கே."

மூன்றுமே சாவடிக்குத் தெற்கே இருக்கிற ஊர்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெண் சொன்னாள்: "என்னை மனநல டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்தாங்க. விலாசத்தைப் பாத்தா சான் அன்டோனியோ. போக முடியாததுக்குத்தான் டாக்டரே தேவைப்படுதுன்னு சொன்னேன்."

அதற்கும் சிரித்தார்கள். நெரெய்தாவும் சிரித்தாள். தன்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தாள். ரொட்டித் தட்டு அவள் பக்கம் வந்தபோது, ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் பெட்ரோல் பங்க் வரைக்கும் போனேன்" என்றாள். எந்தப் பெட்ரோல் பங்க் என்று அங்கே யாருக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஹால்வர்சனிடமும் போனாள். மூச்சை எப்படிப் பிடித்து விடுவது, நெஞ்சு அடிக்கும்போது என்ன செய்வது என்று கற்றுக்கொண்டாள். பள்ளத்தாக்கிலேயே ஒரு மருத்துவரைத் தேடிப் பிடித்து, தூக்கத்துக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். அடிப்பது நிற்கவில்லை. ஆனால் சாகப்போவதில்லை என்று அப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது.

கிறிஸ்துமஸுக்கு இதாலியா வந்தாள். இளைத்திருந்தாள். வந்த மறுநாள் அம்மா தமாலே செய்ய உட்கார்ந்தாள். ஊறவைத்த சோளமடல்கள், ஒரு வாளி மாவு, ஒரு பானைக் கறி. சகோதரிகள் இருவரும் மடலில் மாவு தடவிக்கொண்டிருந்தபோது இதாலியா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"நான் படிப்பை இங்கேயே மாத்திக்கிட்டு வந்துடப் போறேன். விசாரிச்சுட்டேன். ஜனவரிலேயே சேரலாம்."

அம்மாவின் கை நின்றது. அவள் முகத்தில் எழுந்த சந்தோஷத்தை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. "நான் அந்த அலமாரியை ஒழிச்சு வச்சுடுறேன்" என்றாள் உடனே.

நெரெய்தாவுக்குள் ஏதோ துள்ளி எழுந்தது. ஆகஸ்டிலிருந்து அவள் வேறு எதையும் விரும்பியதில்லை. கட்டிலின் அந்தப் பக்கம், காலையில் குளியலறைக்குச் சண்டை, இரவல் வாங்கிய காதணி. 'வா' என்று ஒரு சொல் போதும்.

"ஏன்?" என்று கேட்டாள்.

"ஏன்னா? உனக்கு எப்படி இருந்துச்சுன்னு அப்பா சொன்னாரு. எனக்கும் அங்க பிடிக்கல."

"ஒண்ணும் பிடிக்கலையா?"

இதாலியா மடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாட்டுப் பிடிக்குது. குழு பிடிக்குது. ஞாயித்துக்கிழமைதான் பிடிக்கல. எல்லாரோட அம்மா அப்பாவும் பாக்க வருவாங்க."

"வராத" என்றாள் நெரெய்தா.

"உனக்கு நான் வேண்டாமா?"

"வேணும்டி. எவ்வளவு வேணும்னு உனக்குத் தெரியாது. ஆனா நீ வந்துட்டா உன் மூஞ்சியப் பாக்குறப்பல்லாம் எனக்காக விட்டுட்டு வந்தவன்னு தோணும். இருக்கிறதே எனக்குப் போதும், அதையும் தூக்க முடியாது."

"நீ ஒண்ணும் தூக்க வேண்டாம். முடிவு பண்ணது நான்."

"நீ பாடினப்ப அம்மா விரலை வச்சுக் கெடுத்துட்டா. பாதிதான் பாத்தேன். மிச்சப் பாதிய இன்னொரு தடவை பாடு. அங்கேயே பாடு."

இதாலியா மாவுக் கையோடு எழுந்து வெளியே போய்விட்டாள். அம்மா பெரிய மகளைப் பார்த்தாள். "ஏன் மகளே இப்படிச் சொன்ன?" என்றாள், கோபமாக இல்லை, களைப்பாக.  தங்கை தடவிப் பாதியில் விட்ட மடலை நெரெய்தா எடுத்துக் கறியை வைத்து மடித்தாள்.

இருவரும் இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் ஏதோ சட்டைக்காகச் சண்டை வந்து அதில் எல்லாம் கரைந்தது. ஜனவரியில் இதாலியா ஆஸ்டினுக்கே திரும்பினாள். இந்த முறையும் சித்தப்பாதான் கொண்டுபோனார்.

நெரெய்தா கரிம வேதியியலில் தோற்றுக் கோடையில் மறுபடி எழுதினாள். அவளுக்கு இன்னும் காகிதம் இல்லை. படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. சில வாரங்கள் நன்றாக ஓடும். சில காலைகளில் எழுந்திருக்க முடியாது. அப்போது எலியூத்துக்கோ ஹால்வர்சனுக்கோ போன் செய்வாள். முன்பு செய்ததில்லை.

கோடையில் இதாலியாவுக்குக் குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. வீட்டுக்கு வர முடியாது என்று அவள் போனில் சொன்ன மாலை, நெரெய்தா சாப்பாட்டு மேசையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். 

"வச்சிடவா?" என்றாள் இதாலியா.

"வைக்காத. அப்படியே இருக்கட்டும். நீ உன் வேலையைப் பாரு."

போனைப் புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்தாள். ஆஸ்டினில் ஒரு நாற்காலி இழுபட்டது. யாரோ கதவைத் திறந்து எதற்கோ சிரித்தார்கள். குழாயில் தண்ணீர் விழுந்தது. பிறகு இதாலியா வயலினுக்குச் சுருதி சேர்க்கத் தொடங்கினாள். ஒரு தந்தி மட்டும் சேராமல் இழுத்துக்கொண்டே இருந்தது. நெரெய்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.